தினமும் கொஞ்சம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? மூன்று வாரமாகக் காலையில் ஓடுகிறேன். இன்னும் என்னை நானே இழுத்துக்கொண்டுதான் போகிறேன்.

பதில்: உங்களிடம் குறை இல்லை, அந்த எண்ணில்தான் குறை. 1960-இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். அது எப்படியோ எல்லாவற்றுக்குமான விதியாகப் பரவிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் நிற்கும் எண் 66. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. மூன்றாவது வாரத்தில் ஓட்டம் பாரமாக இருப்பது இயல்புதான்.

கேள்வி: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சா?

பதில்: இல்லை. அதே ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மறுநாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். வழக்கமான அளவே போதும்.

கேள்வி: தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் வருடத்தில் 37 மடங்கு ஆகலாம் என்று படித்தேன். நானோ இரண்டு மாதமாக கிட்டாரில் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், சார்.

பதில்: கூட்டு வட்டிக் கணக்காக அது சரி. ஆனால் திறமை அப்படி வளராது. அந்தக் கணக்கை நம்பி மனம் விட்டுப்போனவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1897-இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர், ஒலிக்குறிகளால் தந்திச் செய்தி அனுப்பவும் வாங்கவும் பழகுபவர்களை ஆராய்ந்தார்கள். செய்தியைக் காதால் கேட்டு வாங்கும் வேகம் ஏறியது, பிறகு பல வாரம் அசையாமல் நின்றது, அப்புறம் மறுபடி ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்ட காது, சொல் சொல்லாகக் கேட்கத் தயாராகும் காலம் அது என்று விளக்கினார்கள். கிட்டாரிலும் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக வைத்த கை, முழு கார்டையும் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒரே அசைவில் பிடிக்க வேண்டும். இப்போதைக்கு முழுப் பாட்டை விடுங்கள். தடுமாறும் இரண்டு கார்டுகளுக்கு நடுவே மாறுவதை மட்டும் மெதுவாகப் பழகுங்கள்.

கேள்வி: வேலை, குழந்தை எல்லாம் முடிந்து இரவில் இருபது நிமிடம்தான் கிடைக்கிறது. தேர்வுக்கு என்ன படிக்க முடியும்?

பதில்: வாரம் ஆறு நாள் என்றாலும் வருடத்தில் நூறு மணி நேரத்தைத் தாண்டும், சகோதரி. படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே மறந்துவிடும் என்று 1885-லேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் காட்டினார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் நிற்கும். அதனால் முதல் ஐந்து நிமிடம் புத்தகத்தைத் திறக்காமல் நேற்றுப் படித்ததை எழுதிப் பாருங்கள். மிகவும் களைத்த நாளில் அந்த ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் மோசமான நாளிலும் முடிகிற அளவுதான் உங்கள் தினசரி அளவு.

கேள்வி: எத்தனை நாள்தான் பொறுப்பது?

பதில்: மூன்று மாதம் கழித்து ஒரு தேதி குறித்து, அதுவரை செய்த நாட்களை மட்டும் காலண்டரில் குறியுங்கள். பாதி நாள்கூடச் செய்யவில்லை என்றால் அளவைக் குறையுங்கள். ஒழுங்காகச் செய்தும் எதுவும் நகரவில்லை என்றால் முறையை மாற்றுங்கள், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். அந்த வேலையே பிடிக்கவில்லை என்று தெரிந்தால், இலக்கை விட்டுவிடுவதில் தப்பே இல்லை.