கேள்வி – பதில்: எண்ணெய் வித்துக்குத் துணை எந்தப் பயறு?

கேள்வி: மானாவாரி நிலக்கடலையில் துவரையை ஊடுபயிராகப் போட நினைக்கிறேன். எத்தனை வரிசைக்கு ஒரு வரிசை? ஏக்கருக்கு விதை எவ்வளவு?

பதில்: ஆறு வரிசை கடலைக்கு ஒரு வரிசை துவரை. துணைப்பயிர் தேர்வில் முதலில் வயதைப் பாருங்கள். கடலை 105 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். 160 முதல் 180 நாள் வயதுள்ள துவரை முதல் இரண்டு மாதம் மெதுவாகத்தான் வளரும். கடலை பூத்து விழுது (மண்ணுக்குள் போய்க் காயாகும் காம்பு) இறக்கும்போது அதன்மேல் நிழல் கட்டாது. கடலை போன பிறகு வெளிச்சமும், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் துவரைக்குத்தான். குறுகிய வயதுத் துவரை ரகம் போட்டால் இந்தக் கணக்கே கெட்டுவிடும். இரண்டும் ஒரே சமயத்தில் ஈரத்துக்கு அடித்துக்கொள்ளும்.

வரிசை இடைவெளி 30 செ.மீ., கடலையில் செடிக்குச் செடி 10 செ.மீ. ஏழாவது வரிசை துவரை என்பதால் துவரை வரிசைகள் 210 செ.மீ. தள்ளி அமையும். அதில் 20 செ.மீ.க்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. 15ஆம் நாள் திடமான செடி ஒன்றை விட்டு மற்றதைக் களைந்துவிடுங்கள். ஏக்கருக்கு நிலக்கடலை விதைப்பருப்பு 45–48 கிலோ, துவரை 2 கிலோ பிடிக்கும். இடம் சும்மா கிடக்கிறதே என்று மூன்றுக்கு ஒரு வரிசையாகத் துவரையை நெருக்க வேண்டாம். கடைசி மாதம் கடலை நிழலில் மாட்டி, காய் திரளாமல் பொக்காகிவிடும்.

ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40–45ஆம் நாள் ஈரம் பார்த்து, கடலை வரிசைகளுக்கு மட்டும் இட்டு மண் அணையுங்கள். அதன்பின் களைக்கொத்து கடலைக்குள் போகவே கூடாது, விழுது அறுபடும். பறிப்பின்போது துவரையை ஒட்டிய வரிசைகளைக் கையால்தான் பிடுங்க வேண்டும். அங்கே ஏர் ஓட்டி வேரை அறுத்துவிட்டால் துவரை பூக்குமுன்பே காய்ந்துபோகும்.

கேள்வி: எள்ளையும் உளுந்தையும் ஒன்றாகக் கலந்து தூவினோம். உளுந்து அடர்ந்துவிட்டது, எள் மெலிந்து நிற்கிறது. ஏன்?

பதில்: கலந்து தூவியதுதான் காரணம். எள் நாற்று பொடியாக முளைத்து மெதுவாக எழும்பும். உளுந்து இரண்டே வாரத்தில் இலை விரித்து அதை மூடிவிடும். அடுத்த பட்டத்தில் இரண்டு வரிசை எள், ஒரு வரிசை உளுந்து என்று 30 செ.மீ. இடைவெளியில் தனித்தனியே விதையுங்கள். எள் விதையை நான்கு பங்கு மணலோடு கலந்து, வரிசையில் மேலாக விழும்படி போட வேண்டும். 15ஆம் நாள் 15 செ.மீ.க்கும், 30ஆம் நாள் 30 செ.மீ.க்கும் ஒரு செடி என்று கலைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் தேங்கும் நிலமென்றால் எள்ளே வேண்டாம்.

கேள்வி: எண்ணெய்வித்து, பயறு இரண்டுக்கும் ஒத்துவரும் களைக்கொல்லி?

பதில்: விதைத்த மூன்று நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது, 30 சதவீத பெண்டிமெத்தலின் ஏக்கருக்கு 1 லிட்டரை 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். பிறகு புல் வகைக் களை வந்தால் 20ஆம் நாள்வாக்கில் 5 சதவீத குயிசலோபாப் 400 மி.லி. போதும். கடலைக்கு அடிக்கும் இமாசிதாபிர் மருந்தை எள்ளோ சூரியகாந்தியோ கூட இருக்கும் வயலில் தொடவே தொடாதீர்கள். அந்தப் பயிர்கள் கருகிப்போகும்.

கேள்வி: பயறு இருப்பதால் யூரியாவை முழுவதும் நிறுத்தலாமா?

பதில்: பக்கத்து எண்ணெய்வித்துப் பயிருக்குப் பயறு அதே பருவத்தில் தரும் தழைச்சத்து கொஞ்சம்தான். வேரும் சருகும் மக்கிய பிறகே பெரும்பகுதி அடுத்த பயிருக்குக் கிடைக்கும். எனவே எள்ளுக்கான உரத்தை எள் வரிசையில் மட்டும் வையுங்கள். பயறு வரிசையில் யூரியா கூடினால் வேர்முடிச்சு குறையும். 30ஆம் நாள் ஒரு பயறுச் செடியை மண்ணோடு தோண்டி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. அடுத்த முறை அந்தப் பயிருக்கே உரிய ரைசோபியத்தை (வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர்) ஆறிய கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

கேள்வி: கடலையோடு சூரியகாந்தி?

பதில்: தவிர்த்துவிடுங்கள். சூரியகாந்தியை வாட்டும் கருகல் நச்சுயிரி கடலையின் தண்டையும் கருக்கும். சூரியகாந்தி மகரந்தத்தோடு சேர்ந்து இலைப்பேன்கள் அதைக் கடலைக்குக் கொண்டுவரும். அதற்குப் பதில் வரப்போரம் ஆமணக்கு நடுங்கள். கடலை இலையைத் தின்னும் புரோடீனியா புழுவின் அந்துப்பூச்சி ஆமணக்கு இலையில்தான் விரும்பி முட்டையிடும். பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியலோ, சல்லடையாக அரித்த இலையோ தெரிந்ததும் இலையோடு கிள்ளி அழியுங்கள். வாரம் இருமுறையாவது ஆமணக்கைச் சுற்றி வர முடியாதென்றால் நட வேண்டாம். புழு அங்கே பெருகிக் கடலைக்குள் இறங்கிவிடும்.