கேட்டால் சொல்வேன்: கொடையாளியே காதலனாக வரவேண்டுமா?

கேள்வி: 2025 பொங்கலுக்கு வெளியான ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை மகளோடு வீட்டில் பார்த்தேன். நிச்சயித்தவன் ஏமாற்றிவிட்டான் என்றதும் கதாநாயகி விந்துதானத்தின் மூலம் பிள்ளை பெற்றுக்கொள்கிறாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது சிரிக்கிற விஷயமா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: ஏன் சிரிக்கக்கூடாது? கல்யாணமாகி மூன்றாம் மாதமே வயிற்றைப் பார்த்துக்கொண்டு “விசேஷம் ஒன்றும் இல்லையோ?” என்று கேட்கும் மாமிமார் உள்ள சமூகம் நம்முடையது. பிள்ளைப்பேறு நம்மிடம் எந்தக் காலத்தில் அந்தரங்கமாக இருந்தது?

நித்யா மேனனின் பாத்திரம் எடுத்த முடிவை இயக்குநர் கிருத்திகா உதயநிதி குற்றமாக்கவில்லை. அதில் எனக்கு நிம்மதி. என் வழக்கு வேறு. விந்து கொடுத்தவனே காதலனாகவும் வந்து நிற்கிறானே, அதைத்தான் சொல்கிறேன். உண்மையில் நடப்பது என்ன? கொடையாளியின் விந்தைத் திரவ நைதரசனில் -196 பாகை செல்சியஸில் உறைய வைப்பார்கள். மாதக்கணக்கில் அப்படியே வைத்திருந்து, எச்ஐவி முதலான தொற்றுகள் இல்லையென்று கொடையாளியை மறுபடி சோதித்த பிறகே பயன்படுத்துவது பொதுவான நடைமுறை. பெயர் பெட்டகத்துக்குள். அவனே அவள் முன்னால் வந்து நின்று காதலிக்கவும் தொடங்குவதற்குள் அபிவிருத்தி லொத்தரில் முதற்பரிசு விழுந்துவிடும்.

ஹொலிவுட்டிலும் 2010இல் ஒரே ஆண்டில் இப்படி இரண்டு படங்கள் வந்தன. ‘தி சுவிட்ச்’ படத்தில் ஜெனிபர் அனிஸ்டனின் நண்பன் குடிவெறியில் கொடையாளியின் மாதிரியைக் கொட்டிவிட்டுத் தன்னுடையதை வைத்துவிடுகிறான். ‘தி பேக்-அப் பிளான்’ படத்தில் ஜெனிபர் லோபஸ் சிகிச்சை முடிந்து வெளியே வந்த கையோடு, ஒரே டாக்சிக்காகச் சண்டை போட்டு ஒருவனைச் சந்திக்கிறாள். சீஸ் விற்கிறவன்; பிள்ளைக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. படமாகப் பார்த்தால் இரண்டாவது சுமார்தான். தனித்தாய்மார் கூட்டத்தில் ஒருத்தி எல்லோர் முன்னாலும் தண்ணீர்த் தொட்டியில் பிள்ளை பெறும் காட்சிக்கு மட்டும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனாலும் என் வாக்கு அதற்கே. தன் இரத்தம் இல்லையென்று தெரிந்துகொண்டே அந்த வயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பதா, ஓடுவதா என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கிறதே, காதல் அங்கேதான் சோதனைக்கு வருகிறது. கொடையாளியே காதலன் என்றால் அந்தச் சோதனை இல்லை. ‘எப்படியும் அவன் பிள்ளைதானே’ என்று முன்வரிசை அப்பாமார் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து போகலாம்.

கேள்வி: வயது 36. கொள்ளுப்பிட்டியில் வேலை. கல்யாணத்தில் விருப்பமில்லை, பிள்ளையில் கொள்ளை ஆசை. இங்கே இப்படிச் செய்யலாமா? அம்மா கதைப்பதையே நிறுத்திவிட்டார்.
(பெயர் வேண்டாம்)

பதில்: மகள், படத்தில் பாட்டு ஒன்று முடிவதற்குள் நடப்பதெல்லாம் இங்கே வரிசையில் நின்று செய்யவேண்டியவை. இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதைத் தாண்டிய, 50ஐ எட்டாத பெண் தனியாகவும் இந்தச் சிகிச்சையை நாடலாம். நம் இலங்கையில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே சிகிச்சை நிலையத்துக்கு முதலில் தொலைபேசி எடுத்து, “நான் கல்யாணமாகாதவள், ஏற்பீர்களா?” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சுற்றி வளைத்தால் அறை அறையாகக் காசு கட்டிய பிறகுதான் மறுப்பு வரும்.

அதற்கு முன்னரே ஏஎம்எச் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கருமுட்டை இருப்பு எவ்வளவு என்று அது ஓரளவு காட்டும். 35க்குப் பிறகு வாய்ப்பு வேகமாக இறங்கும். கலியாணத் தரகர் மிரட்டுகிற வயது வேறு, இது வேறு; இதைக் கேளுங்கள். பிறப்புப் பதிவையும் மறக்கவேண்டாம். தகப்பன் பெயர், பெற்றோர் விவாகமானவர்களா என்றெல்லாம் கேட்டு வந்த படிவம் அது. உங்கள் விடயத்தில் எதை எப்படி நிரப்புவது என்று பதிவாளரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நின்று விழிக்கக்கூடாது.

அம்மா? கதைக்காமல் இருக்கட்டும். பிள்ளை பிறந்தால் சரக்குக்கறிக்கு மிளகு இடிக்க அவர் வேறு யாரையும் விடமாட்டார். நீங்கள் கவலைப்படவேண்டியது அதன் பிறகு: நீங்கள் காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நிற்கும் நேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கும்? அதற்கு ஒரு பதில் கிடைத்தபின் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: விந்து கொடுத்தால் பதினெட்டு வருடம் கழித்து ஒரு பிள்ளை வந்து கதவைத் தட்டுமா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: கொடுக்கும் நாட்டைப் பொறுத்தது. பிரித்தானியாவில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான கொடையாளி யார் என்று, அந்தப் பிள்ளை 18 வயதில் கேட்டு அறியலாம். ஆனால் அனுமதி பெற்ற நிலையத்தின் வழியாகக் கொடுத்தவர் அங்கே சட்டப்படி தகப்பன் அல்ல. செலவுக்குக் காசு கேட்டு யாரும் வரமாட்டார்கள். இந்தியச் சட்டப்படியும் கொடையாளிக்குப் பிள்ளைமீது உரிமை கிடையாது. ஒரு தட்டலுக்கே பயமென்றால் இரத்ததானம் செய்யுங்கள், ஐயா. அதுவும் தேவையானதுதான்.

கேள்வி: இப்படியொரு படத்தைக் கொழும்பில் எடுத்தால் நீங்கள் எழுத விரும்பும் காட்சி?
(வாசகி, தெகிவளை)

பதில்: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடி. லிப்ட் பழுது. ஆறு மாத வயிற்றோடு மூச்சிரைக்க ஏறிவருகிறாள் நாயகி. கூடத்தில் தொலைபேசித் திரையில் ரொறன்ரோ சித்தி.

“பிள்ளையின் தகப்பன் எந்த ஊர்?”

“தெரியாது சித்தி. கொடையாளியின் விபரத்தில் உயரம், இரத்த வகை, படிப்பு எல்லாம் போட்டிருக்கிறார்கள். ஊர் போடவில்லை.”

“ஊர் தெரியாமல் சபையில் என்னவென்று சொல்வது?”

“டென்மார்க்கில் இருந்து வந்ததாம். அங்கேயிருந்து எத்தனையோ நாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.”

சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

“டென்மார்க்கா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பிள்ளை நல்ல நிறமாக வரும்.”