ப்ளூ ஸ்கிரீனுக்கு எஸ்எம்பிஎஸ் மாத்தாதீங்க, முதல்ல ரேமைப் பாருங்க

ப்ரோ, கம்ப்யூட்டர்ல அடிக்கடி ப்ளூ ஸ்கிரீன் வருது, கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை பாக்ஸ்) மாத்தச் சொன்னாரு, ஒவ்வொரு தடவையும் வேற வேற ஸ்டாப் கோடு (அந்த ஸ்கிரீன்ல காட்டுற எரர் கோடு) வருது, விண்டோஸ் ரீஇன்ஸ்டால் பண்ணியும் போகலன்னு சொல்றீங்க, அப்போ டிரைவரை (ஹார்ட்வேரை இயக்குற சாஃப்ட்வேர்) விட ரேம் மேலதான் எனக்கு சந்தேகம், ஏன்னா டிரைவர் பிரச்சினைன்னா பெரும்பாலும் ஒரே கோடுதான் திரும்பத் திரும்ப வரும். உங்க ரைசன் 5600 ப்ராசஸருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமா சொல்ற ரேம் ஸ்பீடு 3200 வரைக்கும்தான், நீங்க எக்ஸ்எம்பி (ரேமை கூடுதல் ஸ்பீடுல ஓட்டுற செட்டிங்) போட்டு 3600-ல ஓட்டுறீங்க, நிறைய பேருக்கு அது ஓடும், சில பேருக்கு ஓடாது. பயாஸ்ல (விண்டோஸ் லோட் ஆகுறதுக்கு முன்னாடி திறக்குற செட்டிங்ஸ் ஸ்கிரீன்) போய் எக்ஸ்எம்பிய ஆஃப் பண்ணிட்டு ரெண்டு மூணு நாள் யூஸ் பண்ணிப் பாருங்க, ப்ளூ ஸ்கிரீன் வர்றது நின்னுடுச்சுன்னா 3200-ல வச்சு ஓட்டிக்கலாம், கேம்ல பெருசா வித்தியாசம் தெரியாது.

அப்பவும் நிக்கலன்னா ரேமை டெஸ்ட் பண்ற மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேரை பென்டிரைவ்ல போட்டு ராத்திரி பூரா ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஒண்ணுதானேன்னு விடாதீங்க, ஒரு ரேம் ஸ்டிக்கை மட்டும் போட்டு டெஸ்ட் பண்ணுங்க, அடுத்து அதே ஸ்லாட்ல இன்னொண்ணு, எது கெட்டதுன்னு தெரிஞ்சிடும், வாரண்டில மாத்திக்கலாம். கழட்டுறதுக்கு முன்னாடி பவர் கேபிளைப் பிடுங்கிடுங்க, மறக்காதீங்க.

அதுவும் க்ளீன்னா மினிடம்ப் ஃபைலை (கிராஷ் ஆனப்ப விண்டோஸ் சேமிக்கிற விவரம்) அனுப்புங்க, சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கும், பாத்துட்டு சொல்றேன். கடைக்காரர் சொன்னாருன்னு அதுவரைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு காசு போடாதீங்க.