கத்தரி பிழைக்க வேண்டும், கோரை போக வேண்டும்: வீட்டுத் தோட்டக் களைகள் பற்றிச் சில கேள்விகள்

கத்தரிப் பாத்தி முழுக்கக் கோரை. பிடுங்கினால் அடுத்த வாரமே இரண்டு மடங்காக வருகிறது. கத்தரி வேரும் சேர்ந்து அசைகிறது. (திருச்சி)

கோரையின் உயிர் இலையில் இல்லை, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் இருக்கிறது. கிழங்குகள் நரம்பு போன்ற தண்டால் ஒன்றோடொன்று கோத்திருக்கும். இழுக்கும்போது அந்த இணைப்பு அறுந்து, அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைவிடுகின்றன. நீங்கள் பார்க்கும் இரண்டு மடங்கு அதுதான்.

பாத்தியில் செடி நிற்கும்போது ஆழமாகத் தோண்ட வேண்டாம், கோரையைப் பட்டினி போடுங்கள். கத்தரியைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதை மண்மட்டத்தில் அறுத்துவிட்டால் போதும். அதற்கு வெளியே உள்ளதை, முந்தின நாள் தண்ணீர் விட்டு மண் இளகிய பிறகு, களைக்கொத்தால் கிழங்கோடு எடுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை இதை விடாமல் செய்ய வேண்டும். முளைத்து மூன்று நான்கு வாரம் ஆனால் கோரை புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே அறுத்தால், கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்துத் திரும்பத் திரும்ப முளைத்து ஓய்ந்துபோகும். என் கொல்லையில் இதற்கு முழுதாக இரண்டு பருவம் பிடித்தது. நடுவில் ஒரு மாதம் விட்டிருந்தால் பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும்.

கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் கத்தரி வரிசைகளுக்கு நடுவே தட்டைப்பயறு விதையுங்கள். மண்ணை மூடிக்கொண்டு வளரும், காயும் கிடைக்கும். மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை மட்டும் கோரைக்காக வாங்காதீர்கள். அதன் முளை ஊசி மாதிரி குத்திக்கொண்டு மேலே வந்துவிடும்.

உப்புத் தண்ணீரோ வினிகரோ ஊற்றலாமா? இயற்கையானதுதானே? (தாம்பரம்)

உப்பு வேண்டவே வேண்டாம். களை சாகும், ஆனால் உப்பு அங்கேயே தங்கும். மண் இறுகிப்போய், பக்கத்துச் செடியின் வேரும் தண்ணீர் எடுக்க முடியாமல் வாடும். இயற்கையானது என்பதற்காக ஒரு பொருள் மண்ணுக்கு நல்லதாகிவிடாது.

கடை வினிகர் பட்ட இலையைக் கருக்கும், அவ்வளவுதான். கோரைக்கிழங்கையும் அருகம்புல் வேரையும் அது தொடாது. நடைபாதைக் கல் இடுக்கில் முளைக்கும் சின்னக் களைகளுக்குக் கொதிக்கும் வெந்நீரே போதும். செடி வேர் ஓடாத இடமா என்று பார்த்து ஊற்றுங்கள்.

பக்கத்து மனையில் களைக்கொல்லி அடித்த மறுவாரம் என் தக்காளி இலைகள் சுருண்டு நூல் மாதிரி ஆகிவிட்டன. நோயா? (ஓசூர்)

நச்சுயிரி நோயிலும் இலை இப்படி ஆகும். ஆனால் அடித்த மறுவாரமே எல்லாச் செடியிலும் ஒரே நேரத்தில் வந்திருந்தால், மருந்துக் காற்று பட்டதாகவே நினைக்கிறேன். 2,4-டி என்ற களைக்கொல்லி வகை மருந்துக்குத் தக்காளி மிகவும் நொந்துபோகும். காற்றில் வரும் சிறு துளியே போதும். அந்தச் செடியின் காயைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பலருக்கு இது தெரியாது.

கிளைபோசேட்டையும் பலர் கேட்கிறார்கள். அது இலை வழியாக வேர் வரை இறங்கும் களைக்கொல்லி மருந்து. கோரை, கீரை என்று பார்க்காது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. நான்கு பாத்திக்கு அது தேவையே இல்லை.

வேலி ஓரம் பார்த்தீனியம். வெறும் கையால் பிடுங்கியதில் அரிப்பு. (கோவை)

முதலில் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அரிப்பு நிற்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். இனிமேல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். இதன் பலம் விதையில் இருக்கிறது, ஒரே செடி ஆயிரக்கணக்கில் கொட்டும். அதனால் வெள்ளைப் பூ வருவதற்குள் வேரோடு எடுப்பதுதான் எல்லாம். பூத்ததை உரக்குழியில் போட வேண்டாம்.

ஆட்டு எரு போட்டதிலிருந்து கீரைப் பாத்தியில் ஏகப்பட்ட களை. எது கீரை என்றே தெரியவில்லை. (மேலூர்)

ஆடு தின்ற விதைகளில் பல செரிக்காமல் எருவோடு வெளியே வரும். பச்சை எருவைக் குவித்து, ஈரம் காயாமல், இடையில் புரட்டிவிட்டு மூன்று மாதமாவது மட்க விடுங்கள். குவியலுக்குள் கை வைக்க முடியாத அளவு சூடு ஏறினால் பெரும்பாலான விதைகள் செத்துவிடும்.

இப்போதைக்கு ஒரு வழி. அடுத்த முறை விதைப்பதற்கு முன்பு பாத்தியைத் தயார் செய்து, வெறுமனே தண்ணீர் விட்டுப் பத்து நாள் காத்திருங்கள். முளைக்க வேண்டிய களை முளைக்கும். வெயில் உள்ள காலையில் மேல் மண்ணை மட்டும் விரல் ஆழத்துக்கு லேசாகக் கீறிவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் கீழே கிடக்கும் விதைகள் மேலே வந்துவிடும். அப்புறம் கீரையைத் தூவாமல் வரிசையாக விதையுங்கள். வரிசைக்கு வெளியே வருவதெல்லாம் களை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.