வத்தக்குழம்பா மாறிப்போன மீன் தொட்டி

கேள்வி: அண்ணே வணக்கம், நாங்க சேலம் அஸ்தம்பட்டி. வீட்ல மூணடி உப்புத்தண்ணி தொட்டி வெச்சு எட்டு மாசமாச்சு, உள்ள ஒரு பபிள் டிப் அனிமோனும் (பூ மாதிரி விரிஞ்சு பாறையில ஒட்டிக்கிட்டிருக்கற கடல் ஜீவன்) ரெண்டு கோமாளி மீனும் இருக்கு. ரெண்டு வாரமா அனிமோன் சூம்பி வெளுத்துப்போய் வாயத் தொறந்துக்கிட்டே கெடக்கு, பாறைய விட்டு நகந்து நகந்து கண்ணாடி மூலைக்கு வந்துருச்சு. வெயிலுக்கு தொட்டி சூடாகுதுன்னு மேல ஒரு ஃபேன் மாட்டியிருக்கேன், தண்ணி கொறைய கொறைய உப்பு கலந்து வெச்ச தண்ணிய ஊத்தி சரி பண்ணிடுவேன். கடையில ஒரு மருந்து குடுத்தாங்க, ஊத்தட்டுமா? பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் தொட்டி முன்னாடியே உக்காந்துக்கிறான்.

பதில்: மொதல்ல அந்த மருந்து பாட்டில எடுத்து பரண்ல போடுங்கம்மா. மீனுக்கு வர்ற வெள்ளைப்புள்ளி நோய்க்கு குடுக்கற மருந்து பலதுல காப்பர் இருக்கும், மீன் தாங்கிக்கும், அனிமோன் தாங்காது.

உங்க கடுதாசிலயே பதிலும் இருக்கு. சாம்பார் அடுப்புலயே கெடந்து வத்திப்போனா உப்பு தூக்கலாயிடும்ல, அப்ப வெந்நி ஊத்துவீங்களா, உப்புத்தண்ணி ஊத்துவீங்களா? தொட்டியிலயும் அதே கதைதான், ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டும், உப்பு அப்படியே உள்ளதான் நிக்குது. ஃபேன் காத்துல சேலம் வெயிலுக்கு தினம் ரெண்டு லிட்டராச்சும் போகும், அதுக்கு பதிலா நீங்க உப்புத்தண்ணி ஊத்துனா லிட்டருக்கு 35 கிராம் கணக்குல தினம் 70 கிராம் உப்பு கூடுது, ரெண்டு வாரத்துல கிட்டத்தட்ட ஒரு கிலோ. மூணடி தொட்டியில ஒரு கிலோ உப்பு அதிகம்னா நாம குடிச்சா குமட்டும், அது அதுக்குள்ளயே குடியிருக்கு பாவம்.

தண்ணியில உப்பு எவ்வளவுன்னு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர் ஒண்ணு வாங்கி அளந்து பாருங்க. முள்ளு ஆடுற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர நம்பாதீங்க, ஒரு காத்துக்குமிழ் ஒட்டிக்கிட்டாலே பொய் சொல்லும். உப்புக்கு ஏத்த மாதிரி தண்ணியோட அடர்த்திய அது எண்ணா காட்டும், 1.025, 1.026 இருக்கணும், உங்களுக்கு 1.030 தாண்டியிருக்கும்னு நெனைக்கிறேன். அப்படின்னா பதறி ஒரே நாள்ல எறக்கிடாதீங்க, அது இன்னொரு அடி. தினம் அஞ்சு லிட்டர் தொட்டித்தண்ணிய எடுத்துட்டு அஞ்சு லிட்டர் வெறும் ஆர்ஓ தண்ணி ஊத்துங்க, ஒரு நாளைக்கு 0.001 கிட்ட எறங்கும், ஒரு வாரத்துல வழிக்கு வந்துடும். அப்பறம் தண்ணி கொறைஞ்சா ஆர்ஓ தண்ணி மட்டும்தான். ஃபேன எடுக்க வேணாம், நல்ல வேலைதான் பண்ணியிருக்கீங்க, 26 டிகிரி கிட்ட நிறுத்தப் பாருங்க.

ஆர்ஓலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. நம்ம ஊரு போர் தண்ணி எவ்வளவு கடுசுன்னு உங்க கெய்சர கேட்டா சொல்லும். வீட்டு மெஷின்ல டேஸ்ட்டுக்காக டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு) கன்ட்ரோலர்னு ஒண்ணு வெச்சு பச்சத்தண்ணியவே கொஞ்சம் திருப்பி கலந்து விடுவாங்க, அத மூடிட்டு புடிங்க. இப்ப ஃபேஷனா விக்கிற காப்பர் ஆர்ஓ மெஷின்னா தொட்டி பக்கமே கொண்டு போகாதீங்க.

வெளுத்துப்போனதுக்கு காரணம் என்னன்னா, அது உடம்புக்குள்ள பழுப்பா பொடிப்பாசி குடியிருக்கும், லைட்டு வெளிச்சத்துல அதுதான் சமைச்சுப் போடும். சூடோ உப்போ தாங்கலன்னா அந்த சமையல்காரனயே வெளிய தள்ளிடும், அப்பறம் பட்டினிதான். அதனால நீங்க ஊட்டணும், உப்பு மசாலா படாத பச்ச எறால பட்டாணி அளவுல பாதிக்கு நறுக்கி வாரம் ரெண்டு தடவ விரல் மாதிரி நீண்டிருக்கற கொடுக்கு மேல வைங்க, துப்புனா விட்டுடுங்க. லைட்ட கொஞ்ச நாளைக்கு கொறைச்சே வைங்க. நிறம் திரும்ப மாசக்கணக்காகும். நகந்து போறப்ப பம்புல மாட்டிக்காம ஸ்பாஞ்ச் கட்டிடுங்க.

பையன்கிட்ட சொல்லுங்க, நாளுக்கு ஒரு தடவ சுருங்கி அழுக்கத் துப்பிட்டு திரும்ப உப்புறது சகஜம். ஆனா நூல் நூலா பிஞ்சு, கூழா கரைஞ்சு, நாத்தம் அடிச்சா யோசிக்காம எடுத்துடணும், இல்ல மீனும் சேந்து போயிடும். அந்த அளவுக்குப் போகாதுன்னுதான் தோணுது, லேசுல சாகற ஜீவன் இல்ல இது. 1828ல ஜான் டாலியெல்னு ஒருத்தர் ஸ்காட்லாந்து கடக்கரையில ஒரு அனிமோன எடுத்துட்டு வந்து கண்ணாடி ஜாடியில போட்டு தண்ணிய மாத்தி மாத்தி வளத்தாரு, அவரு 1851ல போயிட்டாரு, அது 1887 வரைக்கும் இருந்துச்சு. அது வேற ஜாதி, குளிர் கடல்து, பாசிய நம்பி இருக்கறது இல்ல, இருந்தாலும் பையனுக்கு புடிக்கும் இந்தக் கதை.

கேள்வி: சார், எங்க வீடு ஏற்காடு. புதுசா தொட்டி வெச்சு ஒரு மாசம் ஆச்சு, இங்க சில்லுனு இருக்கறதால அனிமோனுக்கு நல்லதுதானே? வாங்கலாமா?

பதில்: இப்ப வேணாம் தம்பி. ஆறு மாசமாச்சும் தொட்டி பழகட்டும், மீன் கழிவுல இருந்து வர்ற விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துல நிக்கணும். உங்க ஊர்ல மார்கழி ராத்திரிக்கு ஹீட்டர் இல்லாம முடியாது, சேலத்துக்காரங்க சூட்டோட மல்லுக்கட்டறாங்க, நீங்க குளிரோட. வாங்கறப்ப ஆக்சிஜன் அடிச்ச கவர தெர்மாகோல் பொட்டியில இறுக்கி வெச்சு, சுத்தி பழைய துணிய அடைச்சு கொண்டு போங்க. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, டிரைவர்கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க.