முதலாளித்துவம், சோஷலிசம் பற்றிய கருத்து தலைமுறைக்குத் தலைமுறை ஏன் மாறுகிறது?

அமெரிக்க இளைஞர்கள் சோஷலிசத்தின் பக்கம் சாய்வதாகச் செய்தி வருகிறதே, நம் ஊரில் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன்.

காலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் 2010-இல் நடத்திய கணிப்பில், 18 முதல் 29 வயதுள்ள அமெரிக்கர்களில் 68 சதவீதம் பேர் முதலாளித்துவத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் சொன்னார்கள். 2018-இல் அது 45 சதவீதமாக இறங்கிவிட்டது. அதே கணிப்பில் சோஷலிசத்தை நல்லவிதமாகப் பார்த்த இளைஞர்கள் 51 சதவீதம். அவர்களில் பலர் 2008 நிதி நெருக்கடியைப் பள்ளி, கல்லூரி வயதில் பார்த்தவர்கள். படிப்புக் கடனைச் சுமந்துகொண்டு வேலைக்கு வந்தவர்கள். சோவியத் யூனியன் அவர்களுக்குப் பாடப்புத்தகச் செய்தி. மருத்துவச் செலவுக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம்தான் அவர்களுக்குப் பெரிதாக இருக்கிறது.

என் கருத்து இதுதான். இருபது, இருபத்தைந்து வயதில் ஒருவருடைய கூலியும் நேரமும் யார் கையில் இருந்தனவோ, அவர்களிடம் பட்டதுதான் பிற்பாடு அவருடைய அரசியல் ஆகிறது. கோயம்புத்தூரில் எங்கள் குடும்பத்தையே இதற்குச் சாட்சியாக வைக்கிறேன்.

தாத்தா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் சைடர், அதாவது நூற்பு இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி. 1950-களின் தொடக்கத்தில் பதிலியாகச் சேர்ந்தார். பதிலிக்கு நாளைய வேலை நிச்சயமில்லை. ஷிப்ட் தொடங்குவதற்கு முன் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராமல் போனால், மேஸ்திரி கைகாட்டும் ஆளுக்கு அன்றைக்குக் கூலி. மற்றவர்கள் தூக்குப்போசியோடு வீட்டுக்குத் திரும்புவார்கள். மேஸ்திரியின் தயவுக்காக அவர் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியதையும் தாத்தா சொல்லியிருக்கிறார். அவரை நிரந்தரமாக்கியது சங்கம் போட்ட ஒப்பந்தம். போனஸ் வந்தது. பாட்டிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை தொழிலாளர் காப்பீட்டின் இஎஸ்ஐ மருத்துவமனையில் ஒரு பைசா செலவில்லாமல் நடந்தது. சந்தா ரசீதுகளைக் கம்பியில் குத்திச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்.

கோவைத் தொழிலாளர்களுக்கு இதன் பின்னால் ஒரு ரத்தக் கதையும் உண்டு. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வரும் ஒரு கொலை வழக்கில் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இன்றும் அந்த நாளில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். தாத்தா கடைசி வரை அங்கே போய்வந்தார். 1955-இல் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1974-இல் நலிந்த பஞ்சாலைகளை மத்திய அரசு எடுத்துத் தேசிய ஜவுளிக் கழகமான என்.டி.சி.யிடம் கொடுத்தது. கேட்டில் நின்று பழகிய மனிதருக்கு இவையெல்லாம் ஒரே திசையில் போகும் பாதையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அப்பா இதே வீட்டில், இதே மில் சங்கொலியைக் கேட்டு வளர்ந்தவர். ஆனால் அவருடைய நினைவில் நிற்பது கதவடைப்பு மாதங்கள். மளிகைக் கடையில் பற்று ஏறி, கடைக்காரர் கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டியபோது அதைப் பார்த்து நின்ற பையன் அவர். பின்னால் அந்த மில்லே மூடப்பட்டு, தாத்தாவின் கிராஜுவிட்டி வழக்கில் சிக்கி வருடக்கணக்காக இழுத்தது. இன்னொருவர் ஆலையை நம்பி இருக்கக் கூடாது என்று அப்பா முடிவெடுத்தது அப்போதுதான். ஐடிஐயில் டர்னர் படித்தார், சில பட்டறைகளில் வேலை பார்த்தார், கடன் வாங்கிக் கோவை கணபதி பகுதியில் ஒரு பழைய லேத் (கடைசல் இயந்திரம்) போட்டார். பம்புக்கு ஷாப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர்.

அன்றைக்கு அவரைக் காத்திருக்க வைத்தது முதலாளி அல்ல, அரசாங்கம். இரும்புக்கு ஒதுக்கீடு, மும்முனை மின் இணைப்புக்கு வரிசை, தொலைபேசிக்கு வருடக்கணக்கில் பதிவு. 1991 ஜூலையில் தொழில் உரிமக் கட்டுப்பாட்டில் பெரும்பகுதி போயிற்று. 1992 ஜனவரியில் இரும்பு, உருக்கின் விலைக்கும் விநியோகத்துக்கும் இருந்த கட்டுப்பாடு போயிற்று. எந்தக் கடையிலும் ராடு வாங்கலாம் என்ற நிலையை அப்பா இன்னும் விடுதலை மாதிரிதான் சொல்கிறார். அவர் தலைமுறையில் சிறுதொழில் தொடங்கிய பலரும் சந்தையை நம்புவது இந்த அனுபவத்தால்தான். எனக்கும் அதன் பலன் கிடைத்தது. நான் பொறியியல் படித்ததும், மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்ததும், தாத்தா ஆயுளில் பார்க்காத சம்பளத்தை முதல் வருடமே வாங்கியதும் அந்த லேத்தின் வருமானத்திலும் 1991-க்குப் பின் வந்த வேலைகளிலும்தான்.

ஆனால் அந்த வளர்ச்சி எங்கள் மில் வட்டாரத்தில் வேறொன்றையும் செய்தது. நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில், தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைக் கூட்டிவந்து விடுதியில் அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணத்துக்கு ஆகும் என்பது பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். இடையில் உடம்பு முடியாமல் வீடு திரும்பிய பல பெண்கள் அந்தத் தொகையைப் பார்க்கவில்லை. 2000-களில் நம் கண் முன்னால் நடந்த இந்தக் கொடுமையைப் பற்றி, சந்தைச் சீர்திருத்தத்தைப் புகழும் என் வயதுக்காரர்கள் பேசுவதே இல்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

அக்கா மகனுக்கு இருபத்து நான்கு வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஆலையில் ஒப்பந்ததாரர் மூலம் பயிற்சியாளராக இருந்தான். நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலை. ஆனால் காலம் முடிந்ததும் வெளியே. இப்போது கோவையில் உணவு விநியோகம் செய்கிறான். ஒருமுறை அவன் போனை வாங்கிப் பார்த்தேன். இரவு பத்து மணிக்குள் இன்னும் மூன்று ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை, இரண்டோடு நின்றால் அது கிடையாது. அந்த மூன்றாவது ஆர்டர் வருமா என்று அவனுக்குத் தெரியாது. ஒரு பேக்கரி வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தா இருந்திருந்தால் அவனைப் பதிலி என்றே அடையாளம் கண்டிருப்பார். மேஸ்திரிக்கு முகமாவது இருந்தது.

இவன் பெரிய கொள்கை பேசுகிறவன் அல்ல. மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் 500 ரூபாய் போடுகிறான், டீமேட் கணக்கு வைத்திருக்கிறான். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கும் படிக்கிறான். 2022-இல் அந்தத் தேர்வில் 7,301 பணியிடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தபோது தினமும் அந்தச் செய்தியைத் தேடிப் படித்தான். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு வலுத்ததும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதையும் அவன் மறக்கவில்லை. பங்குச்சந்தையில் பணம் போடுகிறவன் சங்கத்தையும் ஆதரிப்பதா என்று அப்பா கேட்கிறார். அவனுக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஆகவே வயது குறையக் குறைய மக்கள் வலதுபக்கம் நகர்வதாகவோ இடதுபக்கம் நகர்வதாகவோ நம் ஊரில் கோடு போட முடியாது. எங்கள் வீட்டில் தாத்தாவும் கொள்ளுப்பேரனும் ஒரு பக்கம் நிற்கிறார்கள், அப்பா எதிர்ப்பக்கம். அதே சமயம் அரசு எடுத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தாத்தாவின் நம்பிக்கை அக்கா மகனிடம் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. கோவையின் என்.டி.சி. மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. அதன் பிறகு முழுமையாக ஓடவில்லை. அரசாங்கமே முதலாளியாக இருந்தும் அந்தத் தொழிலாளர்கள் சம்பளப் பாக்கிக்காகத் தெருவில் உட்கார வேண்டியிருந்தது.

அப்பாவுக்கும் அக்கா மகனுக்கும் உண்மையான மோதல் அப்பாவின் பட்டறையில்தான் வந்தது. அங்கே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், பி.எஃப். கிடையாது. இருபது பேருக்குக் குறைவான இடத்தில் சட்டப்படி கட்டாயமும் இல்லை. "ஏன் தாத்தா, இவர்களுக்கு வயதானால் யார் பார்ப்பது?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டான். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஜாப் ஆர்டருக்கு 2017-இல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டு, 12 சதவீதமாகக் குறைக்க இரண்டு வருடம் எடுத்துக்கொண்டதைச் சொன்னார். மின் கட்டண உயர்வை எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று சிறுதொழில்காரர்கள் மாநிலம் முழுக்கக் கதவடைத்ததைச் சொன்னார். சட்டப்படி 45 நாளில் தர வேண்டிய பில்லைப் பெரிய கம்பெனிகள் இழுத்தடிப்பதைச் சொன்னார். "அந்தப் பணம் நாள் தவறாமல் வரட்டும், நானே பி.எஃப். கட்டுகிறேன்" என்றார்.

அப்பா சொன்ன கணக்கு பொய்யில்லை. ஆனால் அக்கா மகன் கேட்டதுதான் சரி என்று நினைக்கிறேன். பெரிய கம்பெனி அப்பாவின் மேல் தள்ளும் சுமையைக் கடைசியில் தாங்குவது அந்த இரண்டு பேர்தான். இருபது பேர் என்ற வரம்பைக் குறைக்க வேண்டும், 45 நாள் விதியை மீறும் கம்பெனிகளிடம் தாமத வட்டியைக் கறாராக வசூலிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் ஒன்று பட்டறை மூடும், இல்லையென்றால் அந்த இரண்டு பேரும் வெறுங்கையோடு ஊர் போவார்கள்.