அலமாரியில் கிடக்கும் டிஸ்க்குகள்

அன்புள்ள தம்பி,

வீட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீடியோ கேசட்டுகள், ஒரு பெட்டி நிறையத் தமிழ்ப்பட டிவிடிகள், அப்புறம் என் மாப்பிள்ளை 2007 கடைசியில் அமெரிக்காவிலிருந்து சுமந்து வந்த எச்டி டிவிடி பிளேயர், அதற்கான சில ஆங்கிலப் படங்கள். வந்த சூட்டோடு அந்த வகையே நின்றுபோனது. அதன்பிறகு நான் ப்ளூ-ரே பக்கமே போகவில்லை. 'நம் ஆட்களுக்குக் காசு எடுக்க மனசு வராது, அதனால்தான் எதிலும் பின்தங்கி நிற்கிறோம்' என்கிறான் என் மகன். எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறான். பேரனோ 4கே பிளேயர் கேட்கிறான். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அக்கா,

எதையும் இப்போதைக்குத் தூக்கிப் போடாதீர்கள். மகன் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அன்றைக்கு வாங்காமல் இருந்தவர்கள் விஷயத்தைச் சரியாகவே பார்த்தார்கள்.

டிவிடியைவிடத் துல்லியமான படம் தர, ஒன்றுக்கொன்று போட்டியாக எச்டி டிவிடி, ப்ளூ-ரே என்ற இரண்டு டிஸ்க் வகைகளும் 2006-ல் கடைக்கு வந்தன. இரண்டிலும் 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர்தான், இரண்டிலும் 1080 வரிப் படம்தான். வித்தியாசம் டிஸ்க்கின் அமைப்பில். எச்டி டிவிடியில் ஓர் அடுக்குக்கு 15 ஜிபி, ப்ளூ-ரேயில் 25 ஜிபி. எச்டி டிவிடியில் பதிவு அடுக்கு பழைய டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. அதனால் டிவிடி அச்சிட்ட இயந்திரங்களையே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்த முடிந்தது. ப்ளூ-ரேயில் அது 0.1 மில்லிமீட்டர்தான் உள்ளே. கீறல் விழாமல் இருக்கத் தனியாகக் கெட்டிப் பூச்சு போட வேண்டியிருந்தது. டிஸ்க் அச்சிடுகிறவருக்கு இவை பெரிய விஷயங்கள். வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவருக்கு உறைத்தது வேறு. எச்டி டிவிடிக்காக டோஷிபா ஒரு பக்கம், ப்ளூ-ரேக்காக சோனியும் கூட்டாளிகளும் மறுபக்கம் நிற்க, ஹாலிவுட் நிறுவனங்களும் பிரிந்து நின்றன. 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் எச்டி டிவிடிக்கு மட்டும் என்று போனது. எந்தப் பெட்டியை வாங்கினாலும் பாதிப் படங்கள் அதில் ஓடாது என்றால் யார் வாங்குவார்கள்? ஒரே வகை என்று கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை. அதன் நஷ்டத்தை வாங்குகிறவர் தலையில் கட்டினார்கள். இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. 2007 நவம்பரில் அமெரிக்கக் கடைகளில் டோஷிபா பிளேயரை 100 டாலருக்கும் கீழே கொடுத்தார்கள். 2008 ஜனவரி 4-ஆம் தேதி வார்னர் நிறுவனம் இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்றது. பிப்ரவரி 19-ல் டோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. உங்கள் மாப்பிள்ளை ஏமாளி இல்லை அக்கா. அந்த விலைக்குக் கிடைத்தால் யாரும் வாங்கத்தான் செய்வார்கள்.

அந்த ஜனவரியில் இங்கே நாம் லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தோம். ப்ளூ-ரேயும் நம்மில் பலர் வீட்டுக்குள் சினிமாவுக்காக நுழையவில்லை. 2007 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 3-ஐப் பிள்ளைகள் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தோம். அது ப்ளூ-ரேயும் ஓட்டும் என்பது பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

நம் ஆட்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்பதை உங்கள் மகன் கவனிக்க வேண்டும். 1946-ல் இந்தியா இந்த நாட்டோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டது. 1993 வரை அந்தத் தடை நீடித்தது. தமிழ்ப்படம் இங்கே சுற்று வழியில் வந்த காலம் அது. கேசட் வாடகைக் கடையில் எந்த வகைக் கேசட்டில் படம் கிடைத்ததோ, அந்த வகை டெக்தான் வீட்டில் இருந்தது. படத்தின் துல்லியத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. படம் கிடைக்கிறதா, பிள்ளைகளுக்குப் புரிகிறதா, இந்த இரண்டுதான் கேள்வி. இன்றும் அதேதான்.

புரிவது என்றால் சப்டைட்டில். நம் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதில் விழுந்தால் பிடிக்கும், ஆனால் வசனத்தைத் தொடர முடியாது. உங்கள் பெட்டியில் ஒரே டிஸ்க்கில் மூன்று படம் அடைத்த டிவிடிகள் நிச்சயம் இருக்கும். அவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முகங்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். வசனத்துக்கு ஆங்கில எழுத்து ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு தொடங்கியதும் எழுத்து நின்றுவிடும். பாட்டி கண்ணைத் துடைப்பாள், பேரன் போனை எடுப்பான். பாட்டுக்கும் சப்டைட்டில் போட்ட நல்ல டிவிடி ஒன்று, அது இல்லாத ப்ளூ-ரேயைவிட நம் வீட்டுக்கு மேல் என்பேன்.

ப்ளூ-ரேயைவிடவும் துல்லியமான படம் தரும் 4கே பிளேயர் விஷயம். வாங்கலாம், ஆனால் 4கே டிஸ்க் சேர்ப்பதற்காக வாங்க வேண்டாம். அந்தப் பெட்டி சாதாரண ப்ளூ-ரேயையும் டிவிடியையும் ஓட்டும் என்பதற்காக வாங்குங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று கட்டுப்படுத்தும் பிரதேசக் குறியீடு 4கே டிஸ்க்குக்குக் கிடையாது, மற்ற இரண்டுக்கும் உண்டு. ப்ளூ-ரேயில் நாம் பி, இந்தியா சி. டிவிடியில் நாம் 2, இந்தியா 5. சென்னையிலிருந்து வரும் டிஸ்க்குகளில் எல்லாப் பிரதேசத்துக்கும் பொதுவாகப் போட்டவையும் உண்டு. உறையின் பின்பக்கம் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிளேயரையும் எல்லாக் குறியீட்டையும் ஓட்டுவதாகக் கேட்டு வாங்குங்கள். தள்ளிப் போடவும் வேண்டாம். எல்ஜி 2024-ல் ப்ளூ-ரே பிளேயர் செய்வதையே நிறுத்திவிட்டது.

இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்று மகன் சொல்வான். இருக்கிறது, உரிமம் முடிகிற நாள் வரை. திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்களை மட்டும் டிஸ்க்காக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை இணையத்திலேயே இருக்கட்டும்.

மாப்பிள்ளையின் எச்டி டிவிடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறுபக்கம் சாதாரண டிவிடி என்று சிலவற்றை அச்சிட்டார்கள். அப்படிப்பட்டவை அந்த வகை நின்றுபோனாலும் உதவும். பிளேயர் ஓடுகிற வரை ஓடட்டும். அமெரிக்கப் பெட்டி என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மட்டும் நம் கரண்டில் சொருகிவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கல்யாணக் கேசட்டுகளைக் கவனியுங்கள். சினிமாவை வேறு எங்காவது தேடிப் பிடிக்கலாம், உங்கள் கல்யாணத்துக்கு வேறு பிரதி கிடையாது. விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது. டர்பன் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக வெள்ளையாகத் தெரிந்தால் டெக்கில் போடவே போடாதீர்கள், டெக்கும் சேர்ந்து கெடும். சுத்தம் செய்து மாற்றித் தருகிறவரிடம் கொடுங்கள். டிவிடியாகப் போட்டுத் தருகிறேன் என்பார், கம்ப்யூட்டர் கோப்பாகவும் வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று மகனிடம். மாற்றிய பிறகும் மூலக் கேசட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.